கைகட்டி நின்றவர்கள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி ஆஸ்பத்திரியிலிருந்து கேட்டார்கள். மறுத்துப் பார்த்தேன். "ரெண்டு பக்கம் போதும் மேடம்" என்றார்கள். ஓய்வு பெற்ற பிறகும் விடமாட்டேன் என்கிறார்களே என்று அலுப்பாகத்தான் இருக்கிறது. இத்தனை வருஷம் அடுத்தவர் முகத்தையே பார்த்துப் பார்த்து, இப்போது யாராவது வீட்டுக்கு வந்தால்கூட எழுந்து உள்ளே போய்விடலாமா என்று தோன்றுகிறது. இருந்தாலும் கேட்டுவிட்டார்கள், எழுதுகிறேன்.

நம் வேலைக்குப் பி.ஆர்.ஓ. என்று பெயர். டாக்டருக்கும் நோயாளியின் ஆட்களுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற உத்தியோகம். முதல் வாரமே உங்களுக்கு உடல்மொழி வகுப்பு நடந்திருக்கும். டை கட்டிய ஒருவர் வந்து திரையில் படம் போட்டுக் காட்டியிருப்பார். கையைக் கட்டிக்கொண்டு நின்றால் எதிர்ப்பு. கண்ணைப் பார்க்காவிட்டால் எதையோ மறைக்கிறார். முன்னால் சாய்ந்து உட்கார்ந்தால் ஆர்வம். நானும் அந்த வகுப்பில் பல தடவை உட்கார்ந்திருக்கிறேன். இடைவேளையில் தருகிற டீயும் பப்ஸும் நன்றாக இருக்கும். வகுப்பைக் குறை சொல்லவில்லை. எந்த ஊர்க்காரர்களைப் பார்த்து அந்தப் படங்களை வரைந்தார்களோ, அந்த ஊரில் அது சரியாகத்தான் இருக்கும். நம் வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்குகிறவர்கள் வேறு ஊர்க்காரர்கள்.

எனக்குப் பிரசங்கம் செய்ய வராது. என் வேலையின் கடைசி வருஷம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அதிலிருந்து எதை எடுத்துக்கொள்வது என்பது உங்கள் பாடு.

சுடலைமுத்து என்று ஒரு கொத்தனார். சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமம். இங்கே நம் ஊரை ஒட்டிய கழக்கூட்டத்தில் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் வேலை. சர்க்கரை வியாதி இருப்பதே அந்த மனிதருக்குத் தெரியாது. ஆணி குத்திய காலோடு சாரத்தில் ஏறி இறங்கியிருக்கிறார். பாதம் கறுத்து, காய்ச்சல் கொதித்து, பேச்சுக் குழறிய பிறகுதான் இங்கே தூக்கிக்கொண்டு வந்தார்கள். செலவை வேலை கொடுத்தவரின் இன்சூரன்ஸ் ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆகவே பணத்துக்காக நடந்த இழுபறி என்று நினைத்துவிடாதீர்கள். மறுநாள் விடிகாலை பஸ்ஸில் அவர் மனைவி பேச்சியம்மாள் ஊரிலிருந்து வந்து சேர்ந்தாள். அவளுடைய அண்ணன் மாடசாமியும் அதே கட்டடத்தில்தான் வேலை செய்தார். கூட வேலை செய்கிற இரண்டு மூன்று பேரும் வந்திருந்தார்கள்.

சர்ஜன் நல்ல மனிதர். அதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்த மாதிரிக் கதைகளில் டாக்டரைத்தான் எல்லோரும் கரித்துக்கொட்டுவார்கள். மலையாளிதான், ஆனால் தமிழ் நோயாளி வந்தால் சினிமா பார்த்துக் கற்றுக்கொண்ட தமிழில் தானே பேசுவார். அன்று காலையும் அவர்களை ஆலோசனை அறைக்கு அழைத்துத் தன் வாயாலேயே விளக்கியிருக்கிறார்.

"பேடிக்க வேண்டா, கேட்டோ" என்றுதான் ஆரம்பித்தாராம். பயப்பட வேண்டாம் என்பதை அவர் எப்போதும் அப்படித்தான் சொல்வார். "கால் போகும். அதில் மாற்றம் இல்லை. ஆனா மத்தியானத்துக்குள்ளே செய்தால் முழங்கால் முட்டுக்குக் கீழே நிறுத்தலாம். முட்டு இருந்தால் செயற்கைக் கால் வச்சு நல்லா நடக்கலாம், ஏதாவது வேலைக்கும் போகலாம். லேட்டானால் கிருமி மேலே ஏறும். அப்போ முட்டும் போகும். அது போனா ஜீவிதம் கஷ்டமாணு."

"சரிங்கய்யா" என்றிருக்கிறார் மாடசாமி.

"ஏதாவது கேட்கணுமா?"

"ஒண்ணுமில்லைங்கய்யா. நீங்க பாத்துச் செய்யுங்க."

டாக்டர் அடுத்த வார்டுக்குப் போய்விட்டார். பகல் பன்னிரண்டுக்கு ஆபரேஷன் தியேட்டர் ஒதுக்கியாயிற்று. அதற்கு முன்னால் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு.

அந்த அறையில் நான் இல்லை. என் கீழ் வேலை பார்த்த மீரா இருந்தாள். கெட்டிக்காரப் பெண். வீட்டில் தமிழ், வாசற்படி தாண்டினால் மலையாளம். உடல்மொழி வகுப்பில் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னவள் அவள்தான். அவள் பார்த்தது இது: நாற்காலிகள் காலியாகக் கிடக்க, எல்லா ஆண்களும் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் டாக்டர் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு கேள்வி கேட்கவில்லை. பேச்சியம்மாள் எல்லோருக்கும் பின்னால், தரையைப் பார்த்தபடி.

இந்த மலையாள ஊர் மனிதர்களையே பார்த்துப் பழகிய நமக்கு அது விபரீதமாகத்தான் படும். இங்கே நோயாளியோடு வருகிறவர் டாக்டரை வழக்கறிஞர் மாதிரி விசாரிப்பார். அது எதற்கு, இது எதற்கு, வேறு வழியே இல்லையா, என் மச்சினன் துபாயில் டாக்டர், அவனிடம் ஒரு தடவை போனில் பேசுங்கள் என்பார். நம் டாக்டர்களும் அதில் ஊறிப்போனவர்கள். சத்தம் போட்டால் சம்மதம் வரப்போகிறது என்று அவர்களுக்குத் தெரியும். சத்தமே வராவிட்டால்தான் தடுமாறிப்போகிறார்கள்.

அதற்குப் பிறகு வரிசையாகச் செய்திகள் வந்தன. மாடசாமி கேட்டில் நின்று, சங்கரன்கோவில் வரை போக வாடகை வண்டி கிடைக்குமா என்று டிரைவர்களிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறார் என்று செக்யூரிட்டி வந்து சொன்னார். கூட வந்தவர்களில் ஒருவர் பழவங்காடிக் கடைத்தெரு வரை போய் ஒரு பையோடு திரும்பினார். பையில் புது வேட்டி, கல்லுப்பு, மஞ்சள். இன்னொரு பக்கம் நர்ஸ் வந்து, அந்த அம்மா புண்ணுள்ள காலின் மேல் போர்வையைப் போட்டுக் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், தொடவே விடமாட்டேன் என்கிறாள் என்றாள்.

நீங்களாக இருந்தால் என்ன நினைத்திருப்பீர்கள்? உப்பு, மஞ்சள், கட்டுவதற்குத் துணி, ஊருக்குப் போக வண்டி. நாட்டு வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு போகப் போகிறார்கள் என்று ஆஸ்பத்திரி முழுவதும் முடிவுகட்டியாயிற்று. மீரா டாக்டருக்குப் போன் செய்து, காலையிலேயே அவர்கள் முகத்தில் சம்மதம் இல்லை, தனக்கு அப்போதே பட்டது என்று சொல்லிவிட்டாள். டாக்டருக்கு மனசு விட்டுப்போயிற்று. அரை மணி நேரம் நின்று சொல்லியிருக்கிறேன், தலையை ஆட்டிவிட்டு இப்படிச் செய்தால் நான் என்ன செய்ய முடியும் என்றாராம். அந்தச் சமயம் பார்த்து ஒரு விபத்து கேஸ் வந்தது. பன்னிரண்டு மணித் தியேட்டரை அதற்குக் கொடுத்துவிட்டார். சுடலைமுத்துவின் ஆட்கள் சொல்லாமல் கிளம்பிவிடக் கூடாது என்று வார்டு வாசலில் ஒரு செக்யூரிட்டியையும் நிறுத்தினார்கள்.

நான் அன்று காலை முழுக்கப் பழைய கட்டடத்தில், பிரசவ வார்டில், மாமியார் மருமகள் சண்டை ஒன்றைத் தீர்த்துவைத்துக்கொண்டிருந்தேன். அது தீரவில்லை என்பது வேறு விஷயம். திரும்பி வந்தபோது மணி ஒன்றரை. மீரா ஓடிவந்தாள்.

"மேடம், நீங்க ஒண்ணு பேசிப் பாருங்கோ. அவா சொல்றது எனக்கு ஒண்ணும் மனசிலாகலை. எது சொன்னாலும் சரி, சரிங்கறா. அதுக்கப்புறம் வண்டி பாக்கறா."

தமிழ் கேஸ் என்றால் என்னைத்தான் தள்ளிவிடுவார்கள். இந்த ஊர் வலியசாலை அக்கிரகாரத்தில் பிறந்து வளர்ந்தவள், தமிழ் தெரியும், போதாதா? போதாது என்பதை எத்தனையோ தடவை பார்த்தாயிற்று. அன்றும் பார்த்தேன். வார்டுக்குள் போய், "உக்காருங்கோ, ஏன் எல்லாரும் நின்னுண்டிருக்கேள்?" என்றேன். அவ்வளவுதான், மாடசாமி ஓரடி பின்னால் போனார். "இருக்கட்டும் சாமி" என்றார். வாயைத் திறந்ததுமே நான் எந்தத் தெரு என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. அதன் பிறகு எட்டித்தான் நின்றார்கள். ஒரே மொழிதான், ஆனால் அந்த டாக்டரைவிட நான் அவர்களுக்குத் தூரமாக இருந்தேன்.

நானும் நாட்டு வைத்தியம் என்றே நம்பிக்கொண்டுதான் போயிருந்தேன். ஆகவே பக்குவமாகப் பேசினேன். கால் இருக்கிற நிலைமை தெரியுமா என்றேன். சரிங்கம்மா. மருந்து வைத்துக் கட்டினால் தீராது என்றேன். சரிங்கம்மா. உயிருக்கே ஆபத்து என்றேன். அதற்கும் சரிங்கம்மா. சுவரில் பந்து அடிக்கிற மாதிரி இருந்தது. சுடலைமுத்து காய்ச்சலில் கண்ணை மூடிக் கிடந்தார். எனக்குச் சலித்துவிட்டது, நிஜமாகச் சொல்கிறேன். காலையிலிருந்து பேசிப் பேசித் தொண்டை காய்ந்திருந்தது. காலும் கடுத்தது. கட்டிலுக்குக் கீழே துணைக்கு இருப்பவர்கள் படுக்கிற தாழ்ந்த பெஞ்சு ஒன்று உண்டல்லவா, அதை இழுத்துப் பேச்சியம்மாளின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துவிட்டேன். பேசாமல் இருந்தேன்.

இதை ஒரு உத்தி என்று நாளைக்கு யாரும் வகுப்பில் படம் போட்டுக் காட்டிவிட வேண்டாம். அலுப்பில் உட்கார்ந்ததுதான். ஆனால் உட்கார்ந்த பிறகுதான் அவள் கையைப் பார்த்தேன். போர்வைக்கு மேலே அவள் கை சும்மா இருக்கவில்லை. பாதத்தின் பக்கம் மெதுவாகத் தடவிக்கொண்டே இருந்தது. தொடவிடாமல் காவல் காக்கிற கை அப்படி இருக்காது. ஊருக்குப் போகிறவரை பஸ் ஏற்றிவிட வந்தவர்கள், பஸ் கிளம்புகிற வரைக்கும் ஜன்னல் வழியாக அவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்களே, அப்படி இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவள் தன் அண்ணனைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"யம்மா, ஒண்ணு கேக்கலாமா? வெட்டுன பொறவு அந்தக் கால எங்கன போடுவாக?"

எனக்கு முதலில் புரியவில்லை. என்னம்மா என்றேன்.

"ஆசுவத்திரிக் குப்பையோட சேத்து எரிச்சிருவாகன்னு கூட வேல செய்யுத ஆளு சொல்லுதாரு. இவுக காலும்மா அது. எங்ககிட்ட குடுத்தாகன்னா எங்க ஊருச் சுடுகாட்டுல குழி வெட்டிப் பொதைச்சிருவோம். நாளைப்பின்ன இவுகளக் கொண்டு வைக்கையில முழுசா வைக்கணும்லா."

புது வேட்டி அதைச் சுற்றுவதற்கு. உப்பும் மஞ்சளும் குழியில் போடுவதற்கு. வண்டி எதற்கு என்று கேட்டேன். மாடசாமிதான் பதில் சொன்னார்.

"அதுக்குத்தாம்மா. காலத் தூக்கிக்கிட்டு பஸ்ஸுல ஏற முடியாதுல்லா."

"அப்போ ஆபரேஷன்?"

"காலையிலயே ஐயாகிட்ட சரின்னு சொல்லிட்டோமே. கையெழுத்துக்குக் கூப்புடுவாகன்னுதான் அப்பப் புடிச்சு நிக்கோம். கூப்புடல. வாசல்ல போலீசு மாதிரி ஒருத்தரக் கொண்டாந்து நிறுத்தியிருக்காக. என்ன தப்பு செஞ்சோம்னு தெரியல."

கேட்டிருக்கக் கூடாதா, காலையில் டாக்டரே கேட்டாரே ஏதாவது கேட்கணுமா என்று, அப்போது சொல்லியிருக்கக் கூடாதா என்றேன். என் குரலில் கோபம் வந்துவிட்டது. அவர் மேல் வந்த கோபம் இல்லை அது.

"எப்படிம்மா கேக்க? அம்புட்டுப் பெரிய ஆளு, நம்ம பாசையில பேசுதாரு. அவருகிட்டப் போயி, கால குப்பையில போடுவியளான்னு கேட்டா மனசு சங்கடப்படும்லா. கத்தி புடிக்கப்போற கை அதுல்லா? எல்லாம் முடிஞ்ச பொறவு நர்சம்மாகிட்டக் கேட்டு வாங்கிக்கிடுவோம்னு இருந்தோம்."

நன்றாகக் கவனியுங்கள். அவர்கள் கையைக் கட்டி நின்றது மரியாதைக்கு. முகத்தைப் பார்க்காதது மரியாதைக்கு. கேள்வி கேட்காமல் விட்டது, டாக்டரின் மனசு நோகக் கூடாதே என்பதற்கு. சம்மதம் எட்டு மணிக்கே முழுசாகக் கிடைத்துவிட்டது. நமக்குத்தான் அது சம்மதம் மாதிரித் தெரியவில்லை.

வெட்டி எடுத்த உறுப்பைக் கேட்டால் ஆஸ்பத்திரியில் கொடுப்பார்கள். வழியில் யாராவது மறித்தால் காட்டுவதற்கு ஒரு கடிதமும் தருவார்கள். வருஷக்கணக்காக இருக்கிற ஏற்பாடு. எனக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும், மீராவுக்கும் தெரியும். கேட்டால்தான் சொல்வோம் என்று வைத்திருந்தோம். கேட்கத் தெரிந்தவர்களுக்காகச் செய்த ஏற்பாடு அது.

டாக்டர் விபத்து கேஸில் தியேட்டருக்குள் இருந்தார். உள்ளே சொல்லியனுப்பினேன், பாதியில் விட்டுவிட்டு வர முடியாது என்று பதில் வந்தது. நியாயம்தானே, அதுவும் ஒரு உயிர். வேறு தியேட்டரோ வேறு சர்ஜனோ கிடைப்பார்களா என்று மீரா மாடிக்கும் கீழுக்கும் ஓடினாள். கிடைக்கவில்லை. அந்த வராந்தாவில் காத்திருந்த நேரம் இருக்கிறதே, அதைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை. மீரா அழுதாள். அழாதே என்று சொல்லக்கூட என்னிடம் தெம்பில்லை.

அவர் வெளியே வந்ததும் சொன்னேன். சுவரில் சாய்ந்துகொண்டார்.

"என்னிடம் கேட்டிருக்கலாமே" என்றார்.

"நீங்கள் சங்கடப்படுவீர்கள் என்றுதான் கேட்கவில்லையாம்."

உடுப்பைக்கூட மாற்றாமல் வார்டுக்கு ஓடினார். அவரைப் பார்த்ததும் பேச்சியம்மாள் எழுந்து நின்று, தானாகவே போர்வையை விலக்கிக் கொடுத்தாள். காலையில் கணுக்காலுக்குச் சற்று மேலே நின்றிருந்த சிவப்பு முழங்காலைத் தாண்டியிருந்தது. டாக்டர் விரலால் அழுத்திப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் மேலே அழுத்திப் பார்த்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. உடனே தியேட்டருக்குக் கொண்டு போனார்கள்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது அதிகமில்லை. கை எப்படி இருக்கிறது, கண் எங்கே பார்க்கிறது என்று பட்டியல் போட்டுக்கொண்டு மனிதர்களிடம் போகாதீர்கள். எதை வேண்டுமானாலும் கவனியுங்கள், ஆனால் அர்த்தம் வைப்பதற்கு முன்னால் அவர்களிடமே கேளுங்கள். வண்டி எதற்கு என்று ஒரு வார்த்தை. அன்று செக்யூரிட்டி கேட்டிருக்கலாம், நர்ஸ் கேட்டிருக்கலாம், மீரா கேட்டிருக்கலாம். பையைத் திறந்து பார்த்தவர்கள் அத்தனை பேர், வாயைத் திறந்து கேட்டவர் ஒருவரும் இல்லை. இன்னொன்று, ஏதாவது கேட்கணுமா என்று கேட்டால் அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு இருங்கள். இந்த ஊரில் அது சுலபமில்லை, நமக்கு மௌனம் என்றாலே யாராவது கோபித்துக்கொண்டார்கள் என்று அர்த்தம். இருந்தாலும் இருந்து பாருங்கள். நான் ரிட்டயராகிற வரைக்கும் ஒவ்வொரு நாளும் இதைக் கஷ்டப்பட்டுத்தான் செய்தேன். சரியாக வந்ததா என்று கேட்டால் தெரியாது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு டாக்டர் வெளியே வந்தார். உயிருக்கு இனிப் பயமில்லை என்றார். பிறகு, நான் கேட்காமலே, மலையாளத்தில் மெதுவாகச் சொன்னார்: "மத்தியானமே செய்திருந்தால் முட்டு தப்பியிருக்கும்." அதைச் சொல்ல வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. இருந்தும் சொன்னார்.

அவர்களை மறுபடி அதே ஆலோசனை அறைக்குக் கூப்பிட்டோம். டாக்டர் உட்கார்ந்தார், அவர்கள் காலையில் போலவே சுவரோரம் நின்றார்கள். அதைப் பார்த்துவிட்டு அவரும் எழுந்து, மேஜையைச் சுற்றிக்கொண்டு போய்ப் பேச்சியம்மாளுக்கு எதிரில் நின்றார்.

"உயிர் இருக்கு அம்மா. ஆனா முட்டு காப்பாற்ற முடியலை. லேட்டாயிட்டு. தவறு எங்களோடதாணு."

மாடசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கால் உங்க கையில் தரும். பேப்பரும் தரும்" என்றார் டாக்டர். "ஏதாவது கேட்கணுமா?"

இந்தத் தடவை அவர் நகரவில்லை. நேரம் போனது. மீரா ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அவள் முழங்கையைப் பிடித்து நிறுத்தினேன். பேச்சியம்மாள் தன் அண்ணனைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். அவள் முதல் தடவையாக டாக்டரின் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"முட்டும் அதோட சேத்துத்தான் கட்டியிருக்காகளா, ஐயா?"

"உண்டு அம்மா" என்றார் டாக்டர். "எல்லாம் சேர்த்துத்தான்."

அவள் கும்பிட்டாள். மாடசாமி வண்டியை வரச் சொல்ல வெளியே போனார்.